சங்கிலிக்குச் சேனை வைத்தவள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், தெற்கே போகும் பாசஞ்சர் வண்டி எங்கள் கருவேலங்குறிச்சி ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நின்றது, தண்ணீர் பிடித்தாயிற்று, மணி அடித்தாயிற்று, பச்சைக் கொடியும் காட்டியாயிற்று, ஆனாலும் கிளம்பாமல் நின்றது, டிரைவர் ராயப்பன் இறங்கி வந்து சக்கரத்தைத் தட்டி, குழாயைத் தடவி, அடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல் முழித்துக்கொண்டு நின்றபோது, மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து மருத்துவச்சி மைதீன் பாத்து குடையை விரித்துக்கொண்டு இறங்கி, நேரே எஞ்சினிடம் போய், முந்தானையை நாலாக மடித்து அதன் வயிற்றில் வைத்து, அதன்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வலி கண்டிருக்கு. ஆம்பிளைங்க எல்லாம் அங்கிட்டுப் போங்க" என்றாள்.

ஆம்பிளைகள் அங்கிட்டுப் போனார்கள். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்ட கை பாத்தம்மாவின் கை. அவள் போகச் சொன்னால் தாசில்தாரும் போவார். ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயம் மட்டும் தன் அறையில் உட்கார்ந்து, 'எஞ்சின் பிரசவம், வண்டி தாமதம்' என்று மேலிடத்துக்குத் தந்தி அடித்தார். 'எவ்வளவு தாமதம்' என்று பதில் வந்தது. 'தலைப்பிரசவம், சொல்ல முடியாது' என்று அவர் திரும்ப அடித்தார். அதற்குமேல் மேலிடம் எதுவும் கேட்கவில்லை.

பயணிகள் பொட்டலங்களைப் பிரித்துப் புளிச்சோறு தின்றபடி காத்திருந்தார்கள்; பெண்கள் ஆளுக்கொரு சேலை கொடுத்து எஞ்சினைச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள்; சந்திப்பு ஸ்டேஷனில் பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து நிற்கும் அந்தச் சரக்கு வண்டி எஞ்சினின் பார்வை ஆரம்பத்திலிருந்தே சரியில்லை என்று வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார், சொன்ன உடனே ஊர் அதை நம்பியது; சாயங்காலம் மழை வெறித்து மஞ்சள் வெயில் அடித்தபோது மறைப்புக்குள்ளிருந்து இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது, பாத்தம்மா "ஆம்பிளப் பிள்ளை" என்றாள். எதை வைத்துச் சொன்னாள் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

பிள்ளை லட்சணமாக இருந்தான் என்று சொன்னால் அது பொய். அண்டாவைப் படுக்கப் போட்டதுபோல் உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத நீளத்தில் புகைபோக்கி, ஒரே ஒரு பிஸ்டன், ஒரு பக்கத்தில் மட்டும் ஆளுயரச் சக்கரம், அதை அடுத்துச் சின்னச் சின்னப் பல்லில்லாச் சக்கரங்கள். தாய்க்கும் அவனுக்கும் நடுவில் ஓர் இரும்புச் சங்கிலி இருந்தது. ராயப்பன் அதைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டார். அதனால் சங்கிலி என்றே பெயர் நிலைத்தது.

ஆனால் பிள்ளை மூச்சே விடாமல் கிடந்தான். "சீக்கிரம் யாராச்சும் சேனை வைங்க" என்று பாத்தம்மா கத்தினாள். சேனை என்பது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் இனிப்பு. எங்கள் பக்கத்தில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டோம், ஏனென்றால் சேனை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் கணக்கு. ஒருத்தன் சிடுமூஞ்சியாக வளர்ந்தால் பெற்றவர்களைத் திட்டாமல், 'எவன் இவனுக்குச் சேனை வச்சான்' என்றுதான் கேட்போம். ஆகவே நிதானமாக ஆள் பார்த்து வைக்கவேண்டிய சேனையை, அன்று நிதானிக்க நேரமில்லாததால், மருத்துவச்சிக்குக் குடிக்கக் கருப்பட்டித் தண்ணீர் கொண்டுவந்து நின்ற கேட்கீப்பர் பெண்டாட்டி ஆவுடையம்மாள் வைத்தாள். எது வாய் என்று தெரியாமல் அடுப்பு வாய்க்குள் விரலை நீட்டி மூன்று சொட்டு விட்டாள். உள்ளே ஒரு கங்கு சிவந்தது, உச்சியிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சின்ன அழுகை வந்தது, ஆவுடை அவன் நெற்றியைத் தட்டி "அழக் கூடாது" என்றாள், அழுகை நின்றது.

கூட்டத்தில் நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடை அழாதவள் என்பது ஊருக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு பெண்பிள்ளை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. அன்றைக்கு அவள் அழவில்லை. குழியில் மண் தள்ளிவிட்டு வந்தவர்களுக்குச் சோறு வடித்துப் போட்டாள். கண் சிவந்திருக்கிறதே என்று ஒருத்தி கேட்டதற்கு, "வண்டி போச்சுல்லா, கண்ணுல கரி விழுந்துட்டு" என்றாள். என்ன நெஞ்சுரம் என்று ஊர் மெச்சியது. அதன்பிறகு எந்த வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும் அவளுக்குக் கரிதான் விழுந்தது. அந்த வீட்டில் அழுகிற வேலை முழுவதையும் அவள் புருஷன் குற்றாலிங்கம்தான் பார்த்தார். அவர் கல்யாண வீட்டில் அழுவார், சினிமாக் கொட்டகையில் அழுவார், கேட் மூடியிருக்கும்போது வண்டிமாடு நுரை தள்ளி நின்றால் அதைப் பார்த்தும் அழுவார்.

எஞ்சினுக்குப் பேறுகால விடுப்பு கொடுக்கும் வழக்கம் இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டதால், தாய் மறுநாளே வேலைக்குப் போனாள். பிள்ளையைக் கேட் வீட்டுக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த ஓரத்துத் தண்டவாளத்தில் விட்டார்கள். தினமும் இரண்டு தரம் தாய் அந்தப் பக்கம் போவாள். கேட் அருகே வந்ததும் ராயப்பன் எதையும் தொடாமலே வேகம் குறையும். கொஞ்சம் தண்ணீர் சொட்டும், நாலு கங்கு விழும். ஆவுடை கங்கை இடுக்கியால் பொறுக்கிப் பிள்ளைக்கு ஊட்டுவாள். "பெத்தவ போறா, பாரு" என்று காட்டுவாள். காட்டும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருக்கும், அது வேறு விஷயம்.

தை மாதம் ரயில்வேயிலிருந்து ஒரு பெரிய அதிகாரி டிராலியில் வந்து இறங்கினார். சங்கிலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கையில் சட்டம் இருந்தது.

"வண்டி இழுத்தால் எஞ்சின். இழுக்காவிட்டால் பழைய இரும்பு" என்றார். "ஆனி மாதம் திரும்ப வருவேன். கல் ஏற்றின மூணு வேகனை ஆட்டுப்பாறை ஏற்றத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தணும். முடியலைன்னா உருக்கு ஆலைக்கு அனுப்பிடுவோம்."

குற்றாலிங்கம் அங்கேயே அழுதார். ஆவுடை அதிகாரிக்கு மோர் கொடுத்தாள். அவர் போனபிறகு பிள்ளையின் பக்கத்தில் போய் நின்று, "கேட்டியா?" என்று மட்டும் கேட்டாள். ஆட்டுப்பாறை ஏற்றம் கேட்டைத் தாண்டியதும் தொடங்கும். பெரிய எஞ்சின்களே அதில் முனகிக்கொண்டுதான் ஏறும். இவனோ அப்போது தான் நின்ற இடத்திலேயே சக்கரம் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான், போதாததற்கு அவன் கனம் தாங்காமல் அடியிலிருந்த பழைய வார்ப்பிரும்புத் தண்டவாளம் வெண்டைக்காய்போல் ஒடிந்துகொண்டிருந்தது.

"பயப்படாதிய மதினி" என்றார் ராயப்பன். அவர் குற்றாலிங்கத்துக்குத் தம்பி முறை. "ஆதியில எஞ்சின் எல்லாம் இப்படித்தான் இருந்துச்சாம். சீமையில நிலக்கரிச் சுரங்கத்துல தண்டவாளத்தை ஒடிச்சு ஒடிச்சுத்தான் நடக்கப் படிச்சுதாம். இவன் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டையெல்லாம் இவன் ஒருத்தனே படுதான். பட்டுட்டுத்தான் பெரியவனாவான்."

அப்படியே நடந்தது. மாசி பிறந்ததும் அவனுக்குப் பல் முளைத்தது. பெரிய சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக இரும்புப் பல், கடிகாரத்துக்குள் இருக்குமே அதுமாதிரி. வழுக்குகிற பிள்ளை எதையாவது கடித்துப் பிடித்துக்கொண்டு நகரப் பார்த்தான். பல் முளைத்தால் கொழுக்கட்டை செய்வது முறை என்பதால் ஊர்ப் பெண்கள் பல் பல்லாகக் கொழுக்கட்டை பிடித்து அவன் உச்சியில் கொட்டி, குழந்தைகள் பொறுக்கித் தின்ன, தேவசகாயம் சாரும் வரிசையில் நின்று வாங்கித் தின்றார். அவன் கடிப்பதற்கு வாகாகப் பல்வைத்த தண்டவாளம் எங்கள் ஊரில் ஏது? கட்டைகளைக் கடித்தான், கேட் கம்பியைக் கடித்தான், நகராட்சி வேலியைக் கடித்தான். பங்குனியில் பால்பல் எல்லாம் உதிர்ந்துவிட்டது. விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவது வழக்கம். ஒரு பல் கூரையின் நாலு ஓடுகளை உடைத்துக்கொண்டு கீழே வந்தபிறகு மீதியைத் தரையிலேயே புதைத்தார்கள்.

அப்புறம் கால் முளைத்தது. பின்பக்கத்தில் இரண்டு, வெட்டுக்கிளிக்கு இருப்பதுபோல் முழங்கால் மடங்கிய இரும்புக் கால்கள். ஒன்றை ஊன்றித் தள்ளுவான், மற்றதை எடுப்பான், அதை ஊன்றித் தள்ளுவான். அடி எடுத்துவைத்ததற்கு அடை வார்த்துப் போட்டோம். கால் வந்த பிள்ளை வீட்டில் நிற்பானா? தண்டவாளத்தை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்குப் போனான், கோயில் குளத்தில் தண்ணீர் குடித்தான், வெற்றிலைக் கடையின் தட்டியை ஒரு தரம் இடித்தான். ஊர் முதலில் ஒதுங்கியது, பிறகு ஒதுங்க மறந்தது, கடைசியில் "ஏல சங்கிலி, ஓரமாப் போ" என்று அதட்டப் பழகியது. அவன் தண்ணீரோடு அழுக்கையும் உறிஞ்சிவிட்டதால் குளத்தில் மீன் செழித்ததென்றும் இல்லையென்றும் இரண்டு கட்சி இருந்தது.

ஆவுடைக்கு மட்டும் இந்த வேடிக்கை எதிலும் மனம் ஒட்டவில்லை. தள்ளாடி நடக்கிற காலை வைத்துக்கொண்டு ஏற்றம் ஏற முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் பாத்தம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள்.

"மெலிஞ்ச பிள்ளை வழுக்கத்தான் செய்யும்" என்றாள் பாத்தம்மா. "கனம் வரட்டும், காலே வேண்டாம். நல்லா ஊட்டு."

அவள் ஊட்டினாள். கரி ஊட்டினாள், விறகு ஊட்டினாள், பனங்கொட்டையும் தேங்காய்ச் சிரட்டையுமாக ஊர் வீடு வீடாகக் கொண்டுவந்து கொட்டியது. உடம்பு தேறத் தேற அவன் சக்கரங்கள் வழவழத்த தண்டவாளத்திலேயே அழுந்திப் பிடிக்கப் பார்த்தன. அதிலும் ஒரு சக்கரம் பிடித்தால் ஒரு சக்கரம் ஏமாற்றியது. ஒருநாள் காலையில் பார்த்தால் சக்கரங்களெல்லாம் ஒன்றையொன்று நீளக் கம்பியால் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன, ஒன்று சுற்றினால் எல்லாம் சுற்றுகின்றன, கால் இரண்டும் தாமாகக் கழன்று புல்லில் கிடக்கின்றன. அந்தக் கால்களைக் கொல்லர் தெருக்காரர்கள் எடுத்துப்போய் ஏர்க்கொழு செய்துகொண்டார்கள்.

சித்திரையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அதுவரை அவன் வயிற்றுக்குள் ஒரே ஒரு தடித்த குடல்தான். தீ அதன் வழியே போய், தண்ணீரைக் கொஞ்சம் சுட்டுவிட்டு, பாதிச் சூட்டோடு புகைபோக்கியில் வெளியேறிவிடும். ஒரு தரம் கொதிக்க ஒரு பொழுது ஆகும். காய்ச்சல் தணிந்த அன்று பாத்தம்மா முந்தானையை மடித்துக் காதை வைத்துக் கேட்டாள், கேட்டவள் சிரித்துவிட்டாள். "ஒத்தைக் குடலா இருந்தது நூறு குடலா ஆயிருக்கு ஏட்டி. இனி இவனுக்குச் செரிக்காதது எதுவும் கிடையாது" என்றாள். சின்னச் சின்னக் குழாய்களாகத் தண்ணீருக்குள் தீ புகுந்து புகுந்து போனதால், உலை வைத்த சுருக்கில் கொதி வந்தது.

எல்லாம் வந்தது, மூச்சுதான் வரவில்லை. வேலை முடித்த ஆவியை அவன் பக்கவாட்டில் 'புஸ்' என்று விடுவான். அது கொடியில் காயும் சேலையை நனைக்கும், கோழியைத் துரத்தும், வேறொன்றுக்கும் ஆகாது. நாலு அடி வேகமாக ஓடினால் அடுப்பு சோர்ந்து, அவன் பரிதாபமாக நின்றுவிடுவான். வைகாசியும் பிறந்துவிட்டது. ஆவுடை சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்றாள்.

ஒருநாள் விறகு ஈரம். அவள் வீட்டுக்குப் பின்னால் கல்லடுப்பில் கஞ்சி வைத்துவிட்டு, ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினாள், ஊதினாள், கன்னம் நோக ஊதினாள். அவள் ஊதும்போதெல்லாம் தீ எழுந்தது, நிறுத்தினால் படுத்தது. சங்கிலி ஓரத்துத் தண்டவாளத்தில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் விடிந்து பார்த்தால், பக்கவாட்டில் இருந்த மூச்சுக்குழாயைப் புகைபோக்கிக்குள் திருப்பி வைத்துக்கொண்டு, தன் மூச்சால் தன் அடுப்பையே ஊதிக்கொண்டு நிற்கிறான். 'குப்' என்று ஒரு மூச்சு, அடுப்பு வெளுத்து எரிகிறது. 'குப்' 'குப்' என்று ஓடுகிறான், ஓட ஓட மூச்சு கூடுகிறது, மூச்சு கூடக் கூடத் தீ கூடுகிறது.

ராயப்பன் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். "கழிச்சு விட்ட ஆவி மதினி இது. போற போக்குல அடுப்புக் காத்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போகுது. இதைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்துல எத்தனை பேர் மண்டையை உடைச்சாங்களோ."

"நான் சொல்லிக் குடுக்கலையே" என்றாள் ஆவுடை.

"பிள்ளைங்க எங்க சொல்லுததைக் கேக்குது" என்றாள் பாத்தம்மா. "செய்யுததைத்தான் பாக்கும்."

அன்றைக்கு அந்தப் பேச்சை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இந்த இடத்தில் அவன் உச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். உச்சியில் ஒரு குமிழ் இருந்தது. அடியில் ஒரு துளை, துளையை அழுத்தியபடி குமிழ், குமிழின்மேல் ஒரு கனக்கட்டி. வயிற்றில் ஆவி மிஞ்சினால் குமிழ் தானாகத் தூக்கி 'ஸ்ஸ்' என்று விட்டுவிடும். நாங்கள் அதை அழுகை என்றோம். ராயப்பன் அதை வால்வு என்றார். பிள்ளைக்கு அரைஞாண் கட்டவேண்டிய நாளில் இடுப்பு எது என்று ஊர் கூடிப் பார்த்தும் தெரியாமல் போய், கயிறு நிற்கிற இடம் இதுதான் என்று அந்தக் குமிழில்தான் கட்டியிருந்தோம். தளர்வாகக் கட்டியதால் அப்போது ஒன்றும் ஆகவில்லை. எப்போதாவது உச்சி வெயிலில் சூடு ஏறி அவன் அழத் தொடங்கினால், ஆவுடை ஓடிவந்து நெற்றியைத் தட்டுவாள். "அழக் கூடாது. அழுது என்னத்தைக் கண்டோம்." அவனும் விழுங்கிக்கொள்வான். சேனை வைத்த கை யாருடையது.

"அழ விடுங்க மதினி" என்று ராயப்பன் ஒரு தரம் சொன்னார். "அதுக்குத்தான் அது இருக்கு."

"எம்பிள்ளை அழமாட்டான்" என்றாள் அவள், பெருமையாகவே.

ஆனி வந்தது. அதிகாரியும் வந்தார். ஏற்றத்தின் உச்சியில் ஆட்டுப்பாறை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கீழே கேட் அருகே, கல் நிரப்பிய மூன்று வேகன்களைச் சங்கிலியின் பின்னால் கோத்தார்கள். ஊர் முழுக்கத் திரண்டிருந்தது, திரண்ட ஊர் சும்மாவா இருக்கும். சுடலைமாடன் கோயில் கறுப்புக் கயிறு ஒருவர் கொண்டுவந்தார், தர்காவில் ஓதிய பச்சைக் கயிறு ஒருவர், மாதா கோயில் திரிக்கயிறு ஒருவர், கண்ணேறு படாமல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கம்பி ஒருவர். எல்லாரும் எல்லாவற்றையும் அந்தக் குமிழில் கட்டினார்கள், இறுக்கிக் கட்டினார்கள். கடைசியாக ஆவுடை தன் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டாள். "பெரியவங்க பாக்காங்க. அழுதுராத" என்று காதோடு சொன்னாள், காது எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ராயப்பன் ஏறி நின்றார், குற்றாலிங்கம் கரி தள்ள நின்றார், வண்டி நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். ஆவுடை பக்கத்திலேயே நடந்தாள். முன்னால் பெண்கள் தண்டவாளத்தின் மேல், கோலமாவு விடுவதுபோல் இரண்டு விரலிடுக்கில் மணலை இழுத்துக்கொண்டே போனார்கள், இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, சக்கரம் அந்த மணலைக் கடித்துக் கடித்து ஏறியது. குப், குப், குப். தீ வெளுத்தது. பாதி ஏற்றம் வரைக்கும் ஊர் குலவையிட்டுக்கொண்டே போனது.

பாதியில் சங்கிலி நின்றான்.

வழுக்கவில்லை, தீ சோரவில்லை. சும்மா நின்றான். உடம்பு முழுக்க நடுங்கியது. ஆணிகளின் ஓரத்தில் தண்ணீர் துளிர்த்தது. தகடுகள் அப்பளம்போல் நொறுநொறுத்தன. இந்தச் சூட்டுக்கு அவன் எப்போதோ அழுதிருக்கவேண்டும், அழவில்லை. ராயப்பன் மேலே பார்த்தார், கயிற்று மூட்டையைப் பார்த்தார்.

"வெடிக்கப் போறான். எல்லாரும் ஓடுங்க" என்றார். குற்றாலிங்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு குதித்தார்.

ஊர் ஓடியது. மணல் அப்படியே கிடந்தது. ஆவுடை ஓடவில்லை, சக்கரத்தின் ஆரத்தில் காலை வைத்து ஏறினாள். முடிச்சு அவள் போட்டதுதான், ஆனாலும் ஆவியில் ஊறி இறுகிப்போய்க் கைக்கு வரவில்லை, உள்ளங்கை வெந்தது, அவள் குனிந்து பல்லால் கடித்தாள், தன் துணியைக் கடித்து அறுத்தாள், பச்சைக் கயிற்றை, கறுப்புக் கயிற்றை, திரிக்கயிற்றை, முதன்முதலில் கட்டிய அரைஞாணை, எல்லாவற்றையும் அறுத்துத் துப்பிவிட்டு, கம்பியை முறுக்கிக் கழற்றி எறிந்தாள்.

குமிழ் தூக்கவில்லை. கட்டு எதுவும் இல்லை, ஆனாலும் அவன் அதை உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அழு ராசா" என்றாள். "நான் சொல்லுதேன்லா. அழுதுரு."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கஞ்சி அடுப்பை அவள் ஊதியபோது பார்த்தானே, அதே பார்வை. தூரத்திலிருந்து பாத்தம்மாவின் குரல் வந்தது. "சொன்னா கேக்கமாட்டான் ஏட்டி. சொல்லாத."

அதற்குள் ஆவுடைக்கும் புரிந்துவிட்டது. புரிந்தாலும் வரவேண்டுமே. பழக்கமில்லாத தொண்டை, முதலில் ஓர் இருமல்போலத்தான் வந்தது. அவள் அவன் நெற்றியில் நெற்றியை வைத்தாள், சுட்டது, எடுக்கவில்லை. பெயர் வைக்காமல் போன அந்தப் பிள்ளைக்கு, வைப்பதாக மனதுக்குள் வைத்திருந்த பெயரை முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். "பொன்னரசி" என்றாள். சொன்னதும் அது வந்தது. அன்றைக்குச் சோறு வடித்த கையும், கரி விழுந்த கண்ணும், ஊர் மெச்சிய நெஞ்சுரமும் எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து, ஏற்றம் முழுக்கக் கேட்க அவள் அலறி அழுதாள்.

ஒரு நொடி அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உச்சிக் குமிழ் துள்ளியது. வெள்ளையாக, பனை உயரத்துக்கு, ஆவி எழுந்தது. அந்த அழுகையில் பறவைகள் கிளம்பின, பாறையில் மேய்ந்த ஆடுகள் சிதறின, அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிறந்ததிலிருந்து விழுங்கியதையெல்லாம் அழுதான், தாயும் பிள்ளையும் சேர்ந்து அழுதார்கள், எது யார் குரல் என்று தெரியவில்லை. நடுக்கம் தணிந்தது. ஆணி ஓரத்து ஈரம் காய்ந்தது. பிறகு, யாரும் எதையும் தொடாமல், குப் என்று ஒரு மூச்சு விட்டு, மூன்று வேகன்களையும் இழுத்துக்கொண்டு, அவளையும் உச்சியில் சுமந்துகொண்டு, ஆட்டுப்பாறை ஏற்றத்தின் மேலே போய் நின்றான்.

அதிகாரி கிட்டே வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இழுக்கிறான்" என்றார் பிறகு. இழுக்கிறது என்று அவர் சொல்லவில்லை என்பதை நாங்கள் எல்லாரும் கவனித்தோம்.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பிள்ளை வேலைக்குப் போனான்; எண் கொடுத்தார்கள், பச்சை வர்ணம் அடித்தார்கள், நாளடைவில் மற்ற எஞ்சின்களைப்போலவே ஆகிவிட்டான். ஒரே ஒரு வித்தியாசம். ஆனி முடிவதற்குள் அவனுக்கு இரண்டாவதாக ஒரு குமிழ் முளைத்திருந்தது, பின்பக்கம், கூண்டுக்குள், யார் கையும் எட்டாத இடத்தில். யார் எதைக் கட்டினாலும், யார் எவ்வளவு அன்பாகக் கட்டினாலும், அதை அடைக்க முடியாது. அதற்கப்புறம் வந்த எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒன்று இருப்பதாக ராயப்பன் சொன்னார்.

ஊரும் அதைத் தனக்கென்று ஒரு வழக்கமாக்கிக்கொண்டது. சங்கிலி வடக்கேயிருந்து ஏற்றம் இறங்கி வந்து, எங்கள் கேட் பக்கத்தில் மிஞ்சிய ஆவியை விடுவான். பக்கத்தில் நின்று பேசினால்கூடக் கேட்காது. அந்த நேரம் பார்த்துக் கேட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. மாமியாரிடம் வாய் திறக்க முடியாத மருமகள் வருவாள், அவளுக்குக் கொஞ்சம் தள்ளி அந்த மாமியாரும் வருவாள், மகன் போன அப்பா வருவார், வெற்றிலைக் கடைக்காரர்கூட எதற்கென்று சொல்லாமல் வருவார். அவன் அழும்போது அவர்களும் வாய்விட்டு அழுதுவிட்டு, வண்டி போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட் திறந்ததும் அவரவர் வேலைக்குப் போவார்கள். இன்னமும் எங்கள் ஊரில் யாராவது எதையாவது மனதில் வைத்துப் புழுங்கினால், 'ஒரு எட்டு கேட்டுக்குப் போயிட்டு வாயேன்' என்போம்.

முதன்முதலாக அவன் முழு வண்டியை இழுத்துக்கொண்டு வந்த அன்று, குற்றாலிங்கம் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் அழுதுகொண்டிருந்தார். ஆவுடை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். உள்ளங்கையில் வெந்த தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. வண்டி கடந்து, ஆவி கலைந்து, சத்தம் அடங்கியதும் அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. அவர் தோள்துண்டை எடுத்து நீட்டினார்.

"கண்ணுல கரி விழுந்துட்டாக்கும்" என்றார்.

அவள் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தாள்.

"இல்ல" என்றாள். "அழுதேன்."